மூடுதலை அண்ணனின் முன்வாசல்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, பல் குத்தும் குச்சியைக்கூடத் தலைகீழாகப் பிடிக்காத மனிதர் ஒருவர்தான் உண்டு. அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. வாக்காளர் பட்டியலில் இருக்கும். எங்களுக்கு அவர் மூடுதலை அண்ணன்.

தொழில், ஆசாரிக்குக் கையாள். மரம் சுமக்க வேண்டும், பிடிக்க வேண்டும், தேய்க்க வேண்டும். ஆசாரி உளி கேட்டால் உளி, சாயா கேட்டால் சாயா. எங்கள் பக்கத்தில் மரத்தின் அடிப்பக்கத்தை மூடு என்போம், நுனிப்பக்கத்தைத் தலை என்போம். அறுத்துச் சட்டமாக்கிய பிறகும் மூடு மூடுதான். காட்டில் நின்ற மாதிரியே வீட்டிலும் நிற்க வேண்டும். மாறி நின்றால் வீட்டுக்காரனும் தலைகீழாக நிற்பான் என்று ஒரு நம்பிக்கை. இது எல்லா ஆசாரிக்கும் தெரியும். மூடுதலைக்கு இது ஒன்றுதான் தெரியும் என்பார் எங்கள் மூத்தாசாரி.

நான் இரண்டாவது கையாளாகப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு முப்பத்துமூன்று வயது. அரசு வேலைக்கான ரேங்க் லிஸ்டில் என் பெயர் எங்கோ அடியில் கிடந்தது. அது அசைகிற வரைக்கும் வீட்டில் முகம் காட்டாமல் இருக்க ஒரு வேலை வேண்டியிருந்தது. முதல் நாள் அண்ணன் என் பெயரைக் கேட்கவில்லை. ஒரு சட்டத்தைக் கையில் தந்து, "இதுல மூடு எது மக்கா?" என்றார். பென்சில் கோடு இருந்த பக்கத்தைக் காட்டினேன்.

"டிகிரி உண்டா?"

"உண்டு அண்ணா."

"ஆ, அதாக்கும்" என்றபடி சட்டத்தை வாங்கிக்கொண்டார்.

அவருக்கு ஒரு முறை இருந்தது. சட்டத்தின் சரிபாதியை ஒரு குழாய்மேல் வைப்பார். கனமான பக்கம் தாழும், அது மூடு. சந்தேகம் வந்தால் கணு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கண்ணருகில் பிடித்துப் பார்ப்பார். அதோடு விட்டால் பரவாயில்லை. சாயாக்கடை பெஞ்சிலும் மூடு எதுவென்று குனிந்து பார்த்துவிட்டு அந்தப் பக்கமாகத்தான் உட்காருவார். ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருப்பவரை எழுப்பியும் விடுவார். ஒரு தடவை பிளைவுட்டோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டி, கடைசியில் அதைச் சுவரில் சாய்த்துவிட்டு, "இது மரமில்ல மக்கா, அவியலாக்கும்" என்று தீர்ப்புச் சொன்னார்.

முப்பது வருடம் கையாளாகவே இருந்தார். உளி அவர் கையில் மூத்தாசாரி கையைவிட நன்றாகப் பேசும். "நீங்களே ஆசாரியா நின்னா என்ன?" என்று கேட்டேன். "ஆசாரி நாலு மனுசனப் பாக்கணும். கையாளுக்கு மரத்தப் பாத்தா போதும்" என்றார்.

கொல்லயில் என்ற ஊரில் நடந்த சம்பவத்தைச் சொல்லாவிட்டால் பாவம் சேரும். ஓய்வுபெற்ற ஒரு பள்ளிக்கூட சார் வீட்டில் நிலை வைப்பு, அதாவது முன்வாசலுக்குக் கதவு நிலையை நிறுத்துகிற நாள். இந்து வீடானால் நேரம் பார்த்து விளக்கேற்றுவார்கள். சார் கிறிஸ்தவர், அதனால் போதகர் வந்திருந்தார். சொந்தபந்தங்கள் எல்லாரும் கண்ணை மூடி நின்றார்கள். அயினி மரத்தில் செய்த நிலையை நாங்கள் நாலு பேர் பிடித்து நின்றோம். ஜெபம் பாதி போயிருக்கும்போது அண்ணன் என் காதருகே வந்தார்.

"மக்கா, காலு ரெண்டும் தலகீழாக்கும்."

கால் என்பது நிலையின் பக்கச் சட்டம். அண்ணன் காய்ச்சலில் படுத்த இரண்டு நாளில் மூத்தாசாரி பூட்டிய நிலை அது. விஷயம் மூத்தாசாரி காதுக்குப் போனதும் அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக வந்தது. வெளியே தெரிந்தால் கொல்லயிலில் இனி அவரை ஒரு ஸ்டூல் செய்யக்கூடக் கூப்பிட மாட்டார்கள். ஜெபம் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. அண்ணன் போதகர் பக்கம் சாய்ந்து, "ஐயா, வேலக்காரங்களுக்கும் ஒரு வார்த்த..." என்றார் பணிவாக.

போதகர் உருகிப்போனார். வேலைக்காரர்களுக்காக ஜெபித்தார். அவர்கள் பிள்ளைகளுக்காக ஜெபித்தார். ரப்பர் விலைக்காகவும் வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்காகவும் ஜெபித்தார். அதற்குள் அந்த நிலையை ஒரு சத்தமும் இல்லாமல் நாங்கள் புரட்டிக்கொண்டிருந்தோம். நிலை அந்தரத்தில் குறுக்காக நிற்கும்போது சார் ஒரு கண்ணைத் திறந்துவிட்டார். அண்ணன் அவரைக் கண்டிப்பாகப் பார்த்து, "சார், ஜெபம்!" என்றார். முப்பது வருடம் பிள்ளைகளைக் கண்ணை மூட வைத்தவர் சட்டென்று மூடிக்கொண்டார். மூடு தரையைத் தொட்டதும் போதகருக்கு முன்னால் "ஆமென்" சொன்னது அண்ணன்தான்.

இப்படி ஊரார் வீட்டுக்கெல்லாம் நிலை வைத்த மனுஷனின் வீட்டில் நிலை இல்லை.

உதியன்குளங்கரையிலிருந்து உள்ளே போகிற வழியில் அவர் வீடு. சுவர் உண்டு, கூரை உண்டு, ஜன்னல் உண்டு, தரைக்கு டைல்ஸ்கூட உண்டு. முன்வாசலில் மட்டும் நீலத் தார்ப்பாய். ஆறு வருடமாக அப்படித்தான். பலா மரத்தில் அவரே செய்த நிலையும் கதவும் உள்ளறையில் பழைய சேலை சுற்றிச் சாய்ந்திருந்தன. வீட்டுக்காரி கை தொட்டுத்தான் நிலை வைக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். வீட்டுக்காரி ஷீலா அக்கா குவைத்தில் ஒரு வீட்டில் வயதான அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வருவதாகச் சொல்லுவார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் லீவு கிடைக்காது.

அந்தத் தார்ப்பாயால் ஊருக்கே தொல்லை. கல்யாணம் சொல்ல வருகிறவர்கள் தட்ட இடமில்லாமல் இருமிக்கொண்டே நிற்பார்கள். பஞ்சாயத்திலிருந்து நம்பர் ஒட்ட வந்த பையன், "சேட்டா, கதவில்லாத்த வீட்டினு நம்பர் எவிடெ ஒட்டிக்கும்?" என்று மலையாளத்தில் கேட்டுத் தலையைச் சொறிந்தான். அண்ணன் தன் நெற்றியைக் காட்டினார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிற நேரம் வந்தால் மட்டும் அவருக்கு ஒரு சட்டத்தை இன்னொரு தடவை தேய்க்க வேண்டியிருக்கும், ஓர் உளியை இன்னொரு தடவை தீட்ட வேண்டியிருக்கும். அது ஏன் என்று புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. டிகிரி படித்தவன் அல்லவா.

அந்த வருடமும் லீவு கிடைக்காமல் போன அன்று வேலையிடத்தில் வைத்தே போன் வந்தது. அந்த அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாராம், இன்னும் இரண்டு வருடத்துக்கு வர முடியாதாம். அண்ணனுக்கு ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசத் தெரியும். அதனால் குடும்ப விஷயம் எங்கள் எல்லாருக்கும் பொது.

"நெலய வச்சிருங்க" என்றார் ஷீலா அக்கா.

"உனக்க கை தொடாம வைக்க மாட்டேன்."

"நான் வந்து இறங்கும்போ தார்ப்பாயத் தூக்கிட்டா கேறணும்? எனக்க வீட்டுல எனக்குக் கதவத் தொறந்து கேறணும்."

அண்ணன் ரம்பத்தை எடுத்தார், வைத்தார். "கையத் தொடணும் ஷீலா" என்றார் கடைசியில், சின்னக் குரலில்.

ஒரு மாதம் கழித்து, ஊருக்கு வந்த ஒரு செவிலியர் வழியாக ஒரு காகிதம் வந்தது. ஷீலா அக்கா காகிதத்தில் கையைப் பரத்தி வைத்து, சுற்றிலும் நீலப் பேனாவால் வரைந்து அனுப்பியிருந்தார். ஐந்து விரல், உள்ளங்கை, ஒரு வளையலின் வளைவு. மூத்தாசாரி வாங்கிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"எலே, இது எடக்கையில்லியா? நல்ல காரியத்துக்கு எடக்கையா?"

"வலக்கையால வரையும்போ எடக்கையத்தானே வரைய முடியும்" என்றார் அண்ணன். "அவளுக்க வலக்கைய வரைஞ்சு குடுக்க அங்க ஆரு உண்டு?"

மூத்தாசாரி காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் தந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அண்ணன் வந்ததும் நாங்கள் நிலையைத் தூக்கினோம். வாழ்நாளெல்லாம் தூக்கிய மனுஷன் அன்று தூக்கவில்லை. நிலையின் வலது காலில், தன் தோளுயரத்தில் காகிதத்தை வைத்து, அதன்மேல் தன் உள்ளங்கையை வைத்து நின்றார். காற்றில் படபடத்த ஓரங்களை மற்றக் கையால் அமுக்கினார். "செரி, தள்ளுங்கலே" என்றார். நிலை சுவரில் அமர்ந்த பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. மூத்தாசாரிதான் தோளைத் தொட்டு விலக்கினார்.

கலவை இறுகி, அடுத்த வாரம் கதவு மாட்டியாயிற்று. எல்லாரும் போன பிறகு அண்ணன் என்னை நிறுத்தினார்.

"மக்கா, நீ உள்ள நில்லு. அடச்சிட்டு நில்லு."

அடைத்துக்கொண்டு நின்றேன். தட்டுகிற சத்தம் கேட்டது. திறந்தேன். துண்டால் முகம் துடைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, விருந்துக்கு வந்தவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"என்ன அண்ணா?"

"ஒண்ணுமில்ல. தட்டினா ஆராவது தொறப்பாங்களான்னு பாத்தேன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று அங்கேயே கஞ்சி குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

பிறகு ரேங்க் லிஸ்ட் அசைந்தது. நெய்யாற்றின்கரையில் ஓர் அலுவலகத்தில் சீல் குத்திக்கொண்டிருக்கிறேன். சம்பளம் உண்டு, நாற்காலி உண்டு, "மக்கா" என்று கூப்பிட ஆளில்லை. ஷீலா அக்கா வர இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. இரண்டாம் சனிக்கிழமை எனக்கு லீவு, அண்ணனுக்கு வேலை. மாற்றுச் சாவி ஒன்று என்னிடம் தந்திருக்கிறார். சாயங்காலம் உதியன்குளங்கரையில் பஸ் இறங்கிப் போய், அவர் வருவதற்கு முன்பே கதவை அடைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பேன்.

சாவி அவர் சட்டைப் பையிலும் உண்டு. ஆனாலும் தட்டுவார். நான் உடனே போய்த் திறப்பதில்லை. "இந்தா வாறேன்" என்று சத்தம் கொடுத்துவிட்டு, மெதுவாகத்தான் எழுந்து போவேன். அந்த மனுஷனுக்கு வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்கட்டும்.