இடக்கைக்கு ஒரு மேடை

"நிறுத்து நிறுத்து! கொஞ்சம் பின்னாடி போ" என்றார் சுந்தரராமன்.

மனைவி நாகலக்ஷ்மி செல்போன் திரையில் விரலை வைத்து வீடியோவைப் பின்னால் இழுத்தாள். கேஷவ் என்கிற மிருதங்க வித்வான் மறுபடி முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார்.

"பாரு, கறுப்பு வட்டம் இருக்கிற பக்கம்தான் வலந்தலை. பேர்லயே வலது இருக்கு. அதை இந்த மனுஷன் எந்தக் கையால வாசிக்கிறார்?"

"இடது கையால."

"லெஃப்ட் ஹேண்டர்!" என்று சோபாவில் சாய்ந்தார் சுந்தரராமன். "புக் பண்ணியாச்சே நாகு!"

வரும் ஞாயிறு சேலையூர் நாதமஞ்சரி சபாவின் ஆண்டு விழாக் கச்சேரி. மறுநாள் பொதுக்குழு. கச்சேரி சொதப்பினால் சுந்தரராமனின் செயலாளர் பதவி பொருளாளர் ராகவேந்திராவுக்குப் போய்விடும். ராகவேந்திரா அந்த நாற்காலியைப் பார்க்கும்போதெல்லாம் மனசுக்குள் உட்கார்ந்து பார்ப்பார். துணைப் பொது மேலாளராக ஓய்வுபெற்ற சுந்தரராமனுக்கு வீட்டில் டி.வி. ரிமோட்கூட வசப்படுவதில்லை. அவர் பேச, நாலு பேர் கேட்க, உலகத்தில் மிச்சமிருந்தது சபா மைக் ஒன்றுதான்.

சிக்கல் இதுதான். பாடுகிறவருக்கு வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின் என்பது மேடை வழக்கம். அப்போதுதான் வலந்தலை சபையைப் பார்க்கும். வாசிப்பவர் இடது கைக்காரர் என்றால் அது சுவரைப் பார்க்கும். ஆகவே மிருதங்கத்தையும் வயலினையும் பக்கம் மாற்றி உட்கார வைக்க வேண்டும்.

"வேற ஆளைப் போட்டுடுங்கோளேன்" என்றாள் நாகலக்ஷ்மி.

சுந்தரராமன் எழுந்து நின்றார். எழுந்து நின்றால் சொற்பொழிவு என்று அர்த்தம்.

"இடது கை என்பது குறையல்ல நாகு. இயற்கையின் இன்னொரு கையெழுத்து. அதை மதிக்காத சமூகம்..."

"நம்ம பொண்ணு இடது கையால பென்சிலைப் பிடிச்சப்போ ஸ்கேலால அடிச்சேளே?"

"அது அப்போ. அப்போ எனக்கு விழிப்புணர்வு வரலை."

அன்று மாலையே சபாவின் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வந்தது: 'நம் புறநகரில் முதன்முறையாக, இடக்கைக் கலைஞருக்கு இணக்கமான மேடை!' கூடவே ஒரு கண்டிப்பான குறிப்பு: 'கை விஷயத்தை யாரும் கலைஞரிடம் பேசிப் புண்படுத்த வேண்டாம்.' ராகவேந்திரா ஒரு கட்டைவிரலைப் போட்டார். எந்தக் கைக் கட்டைவிரல் என்று தெரியவில்லை.

அந்தக் கச்சேரிக்கு வாசிக்கவிருந்த வயலின் வித்வான் வைத்தீஸ்வரனிடம் சுந்தரராமனே நேரில் போனார்.

"சார், ஒரே ஒரு கச்சேரிக்கு நீங்க அந்தப் பக்கம் உக்காரணும்."

"எந்தப் பக்கம்?"

"மிருதங்கம் பக்கம்."

வைத்தீஸ்வரன் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "ஜனங்க என் விரலைப் பாக்க வராங்க. பக்கம் மாறினா விரல் சுவத்துக்குத் தெரியும், வில் பிடிக்கிற முழங்கைதான் சபைக்குத் தெரியும். முழங்கைக்கு என்னய்யா சங்கீதம் தெரியும்?"

"ஒரு இடக்கைக் கலைஞருக்காக..."

"அவர் எந்தக் கையால வேணா வாசிக்கட்டும். நான் என் பக்கத்துலதான் உக்காருவேன்."

"இது பழமைவாதம் சார்!" என்று சொல்லிவிட்டார் சுந்தரராமன். மேடையில் சொல்லிப் பழகிய வார்த்தை, வீட்டுக் கூடத்தில் வந்துவிட்டது.

வைத்தீஸ்வரன் கச்சேரியிலிருந்து விலகினார். அவர் தனியாக விலகவில்லை. கேம்ப் ரோட்டின் இரு பக்கத்திலும் அவரிடம் வயலின் கற்கும் பிள்ளைகள், அவர்களின் அப்பா அம்மாக்கள் என்று பாதி சபையும் சேர்ந்து விலகியது.

"விழிப்புணர்வு நன்னா வேலை செய்யறது" என்றாள் நாகலக்ஷ்மி.

ஆனால் சுந்தரராமனுக்கு மூளை வேலை செய்தது. மிருதங்கம் இடது கை என்றால் வயலினும் இடது கையாக இருந்துவிட்டால்? கண்ணாடியில் பார்த்த மாதிரி எல்லாம் கச்சிதமாகப் பொருந்துமே! விசாரித்து விசாரித்து, காட்டாங்குளத்தூரில் பொறியியல் படிக்கும் மிருதுளாவைப் பிடித்தார். இடது கையில் வில், வலது கையில் வயலின்.

"எங்கேயும் என்னைக் கூப்பிட மாட்டாங்க அங்கிள். கூப்பிட்டாலும் பக்கம் மாத்தித் தர மாட்டாங்க" என்றாள் மிருதுளா.

"இங்கே மாத்தியாச்சு!" என்றார் சுந்தரராமன். அவருக்கே கண் கலங்கியது.

அடுத்து கேஷவுக்குப் போன் போட்டார். நாசூக்காக.

"உங்க... அந்த விஷயம் எங்களுக்குத் தெரியும் கேஷவ். கவலையே படாதீங்க. மேடையை அதுக்கேத்த மாதிரி அமைச்சிருக்கோம்."

"யார் சார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. வீடியோலயே தெரிஞ்சுது."

"வீடியோலயே தெரியறதா!" என்றார் கேஷவ். "ரொம்ப நாளா கஷ்டப்படறேன் சார். சில சபாவுல சொன்னா மூஞ்சியைச் சுளிப்பா. டாக்டர்கிட்டகூடக் காட்டிட்டேன்."

சுந்தரராமன் போனைக் கையால் பொத்திக்கொண்டார். "டாக்டர்கிட்ட கூட்டிண்டு போயிருக்கா நாகு! என்ன சமூகம் இது!"

காலியான பாதி சபையை நிரப்ப வேண்டுமே. 'இடது கைக்காரர் அனைவருக்கும் முன்வரிசை, கச்சேரிக்குப் பின் டிபன்' என்று மறுநாள் அறிவித்தார். அதற்கப்புறம் சேலையூரில் வலது கைக்காரர்களே இல்லை.

ஞாயிறு மாலை கல்யாண மண்டப வாசலில் ஒரே தள்ளுமுள்ளு. இடது கையால் பேர் எழுதிக் காட்டினால்தான் முன்வரிசை என்றார் ராகவேந்திரா. ஒவ்வொருவரும் நாக்கைக் கடித்துக்கொண்டு, கோழி கிளறிய மாதிரி எழுதினார்கள்.

"எனக்கு ரெண்டு கையும் வரும். நான் எங்கே உக்காரணும்?" என்றாள் ஒரு மாமி.

"நடுவுல உக்காருங்கோ."

குத்துவிளக்கை இடது கையால் ஏற்றுவதாக சுந்தரராமன் திட்டம் போட்டிருந்தார். நாகலக்ஷ்மி தீக்குச்சியைக் கையிலிருந்து பிடுங்கினாள்.

"விளக்கையாவது விட்டு வைங்கோ. அது சோத்துக்கையாலதான்."

ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலில் மாட்டிய கேஷவ், வண்டலூரிலிருந்து மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது கச்சேரி தொடங்கும் நேரம் ஆகியிருந்தது. கூட வந்த அவர் மனைவி மாளவிகா முன்வரிசையில் உட்கார்ந்தாள். மிருதுளா ஏற்கெனவே வயலினும் கையுமாகத் தயார். பாடகி ஸஹானா தம்புராவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். சுந்தரராமன் கேஷவை அவசரமாக மேடைக்கு அனுப்பி, பாடகிக்கு இடப்பக்கம் காலியாயிருந்த இடத்தைக் காட்டிவிட்டு, திரைக்கு முன்னால் மைக்கைப் பிடித்தார். இயற்கையின் இன்னொரு கையெழுத்தைப் பற்றி நெடுநேரம் பேசினார். முன்வரிசை கை தட்டியது. கடைசி வரிசையில், என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று வந்திருந்த வைத்தீஸ்வரன் கை கட்டிக்கொண்டிருந்தார்.

"இதோ, உங்கள் கேஷவ்!"

திரை விலகியது.

வலந்தலை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கேஷவின் வலது கை அதன் மேல் இருந்தது. சபைக்குத் தெரிந்தது வெறும் இடந்தலை.

வைத்தீஸ்வரன் எழுந்து நின்று பார்த்தார். ராகவேந்திரா போட்டோ எடுத்தார்.

சுந்தரராமன் மைக்கை அணைத்துவிட்டு ஓடிப் போய்க் குனிந்தார். "கேஷவ், எங்களுக்காக வலது கையால வாசிக்க வேண்டாம். கூச்சப்படாம இடது கையாலயே வாசிங்கோ."

"இடது கையாலயா? எதுக்கு சார்?"

"நீங்க இடது கைக்காரர் இல்லையா?"

"இடது கையால எனக்குப் பல்லுகூடத் தேய்க்க வராதே சார்!"

"டாக்டர்கிட்டப் போனேன்னேளே?"

"அது முட்டிவலிக்கு சார். சம்மணம் போட்டா உசிர் போறது. மேடையை அதுக்கேத்த மாதிரி அமைச்சிருக்கோம்னேளே, அந்த உயரமான மெத்தை எங்கே? இவ்வளவு நேரம் அதைத்தான் தேடிண்டிருந்தேன்."

சுந்தரராமன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கையைக் காட்டினார். "சரி சரி, ரெண்டு பேரும் பக்கம் மாறி உக்காருங்கோ."

மிருதுளா வயலினை மார்போடு அணைத்துக்கொண்டாள். "நான் மாட்டேன் அங்கிள். அந்தப் பக்கம் போனா என் விரல் சுவத்துக்குத் தெரியும், முழங்கைதான் சபைக்குத் தெரியும்."

கடைசி வரிசையிலிருந்து ஒரு கைதட்டல் வந்தது. வைத்தீஸ்வரன்.

சுந்தரராமன் ஜிப்பாப் பையிலிருந்து போனை எடுத்து, வீடியோவை ஓடவிட்டு, முன்வரிசைக்கும் தெரியும்படி நீட்டினார். "அப்போ இது யாரு? நான் என்ன குருடா? இது எந்தக் கை? சொல்லுங்கோ, இது எந்தக் கை?"

முன்வரிசையிலிருந்து மாளவிகா எழுந்து வந்து திரையை உற்றுப் பார்த்தாள்.

"ஐயோ மாமா, இது ஃப்ரன்ட் கேமராவுல எடுத்தது, கண்ணாடி மாதிரி இடம் வலமாத் தெரியும். இதுல பாத்தா மேற்குத் தாம்பரமே கிழக்குத் தாம்பரமாத்தான் தெரியும்."