சோடியமா பொறந்திருக்கணும்

சோடா உப்புக்குள்ள ஒரு குடும்பம் குடியிருக்குதுன்னு தெரிஞ்ச அன்னிக்கே சூசைநாதனுக்கு நிம்மதி போச்சு.

மருந்துக் கடையில பொட்டலம் மடிக்கிற வேலை அவருக்கு. சாயங்காலம் ரசாயன வகுப்பு. வாத்தியாரு பலகையில படம் போட்டாரு. நடுவுல கார்பன். அவன் கையப் புடிச்சுக்கிட்டு சுத்தி மூணு ஆக்சிஜன். அதுல ஒண்ணு இடுப்புல குட்டியா ஒரு ஹைட்ரஜன்.

பொண்டாட்டி, மாமியாரு, கைப்புள்ளயோட மச்சினிச்சி! நடுவுல முழிக்கிறது தான்தான்னு சூசைநாதனுக்குப் பட்டுடுச்சு.

சோடியம் மட்டும் யாரு கையும் புடிக்கல. வாசல்ல தனியா நிக்குது. பாசம் உண்டு, ஓடிப் போவாது. தண்ணியில போட்டா மட்டும் நைசா கழண்டு, தன்பாட்டுக்கு மெதக்கும். சூசைநாதன் கண்ண மூடுனா, கடலு. கடலு மேல அவரு. கையப் புடிக்க ஒரு ஆளில்ல.

படிச்சதை எல்லாம் பொண்டாட்டி அந்தோணிமேரிகிட்ட ஒப்பிப்பாரு. அவ ஆப்ப மாவு கரைச்சுக்கிட்டே கேப்பா.

"புளிப்பு மேல சோடா உப்பு பட்டா காத்து வரும் மேரி. ஆப்பம் உப்புறது அதாலதான். வயித்துப் புளிப்புக்குக் குடிச்சா ஏப்பமா வரும்."

"சூடு பண்ணா?"

"காத்தும் தண்ணியும் போயிடும். சலவை சோடாதான் மிஞ்சும்."

"கல்யாணமாகி பத்து வருசத்துல நீங்க ஆன மாதிரி."

சூசைநாதன் அப்பத்தான் தன் சட்டையைத் தானே தொவைச்சுக் காயப்போட்டுட்டு வந்திருந்தாரு.

அந்த ஞாயித்துக்கெழம உழவர்கரையில மச்சான் அமலநாதன் வீட்டுல புள்ள மொத தடவ நற்கருணை வாங்குற புதுநன்மை விருந்து. சாப்பாடு பிரச்சினையில்ல. மாமனாருதான் பிரச்சினை. பிரெஞ்சுப் பட்டாளத்துல வியட்நாமுக்குப் போயி சைகோன்ல இருந்தவரு. புதுச்சேரியில பிரெஞ்சுக் கொடி எறங்கி நாலு வருசம் ஆச்சு, அவரு மட்டும் இன்னும் சைகோன்லேருந்து எறங்கல. மாப்பிள்ளையைக் கண்டா போதும், பக்கத்துல உக்கார வெச்சு கப்பலேறுன நாள்லேருந்து ஆரம்பிப்பாரு. சூசைநாதன் இதுவரைக்கும் நாப்பது தடவ சைகோன் போயிட்டு வந்துட்டாரு.

இந்த ஞாயிறு மட்டும் வீட்டுல சாய்வு நாற்காலி. சன்னல் பலகை பாதி தெறந்து, செவுத்துல கோடு கோடா வெயிலு. கடக்காத்து. தான் சோடியம். அவ்வளவுதான் கேட்டாரு ஆண்டவர்கிட்ட.

குருத்து ஞாயித்துத் திருநாளுக்கு இதே மாமனாருகிட்ட போவாம இருக்க சொன்ன தலவலி எடுபடல. அதனால இந்த தடவ வயித்துப் புளிப்பு. இவ சும்மா நம்ப மாட்டா. சோடா உப்பு குடுத்து, ஏப்பம் வருதான்னு பாப்பா. சொல்லிக் குடுத்ததே நாமதான! வெறும் வயித்துல, ஊறுகாய்க்கு வெச்சிருந்த வினிகர்ல ஒரு அரை டம்ளரை மடமடன்னு ஊத்திக்கிட்டு நாற்காலியில விழுந்தாரு.

"மேரி... நெஞ்செல்லாம் எரியுது."

"அய்யோ! இன்னிக்கா?"

"நீ போயிட்டு வா. நான் அப்படியே கெடக்கறேன்."

"அப்படியெல்லாம் விட்டுட்டுப் போவேனா? சோடா உப்பு கரைச்சுத் தரேன்."

அடுப்படியில கரண்டி டம்ளர்ல மோதுற சத்தம். கண்ணைத் தெறந்தா நோயாளிக்கு அழகில்லன்னு சூசைநாதன் மூடியே வெச்சிருந்தாரு. வாயில வெச்சா உப்புக் கரிச்சுது. ஒரே மடக்கு.

ஏப்பம் தானா வர வரைக்கும் காத்திருக்கப் பொறுமையில்ல. கைவசம் இருந்த பொய் ஏப்பத்தை விட்டாரு. தெருவுல போன நாயி நின்னு பாத்துட்டுப் போச்சு.

"பாத்தியா? எவ்வளவு புளிப்பு!"

"வெறுந்தண்ணிக்கேவா?"

கண்ணு தெறந்துகிச்சு.

"வெறுந்தண்ணியா? உப்புக் கரிச்சுதே!"

"நம்ம கெணத்துத் தண்ணி என்னைக்குங்க கரிக்காம இருந்திச்சு? கரண்டியை மட்டும்தான் ஆட்டுனேன். எந்திரிச்சு வேட்டிய மாத்துங்க."

எந்திரிச்சாரு. அப்பத்தான் உள்ள போன வினிகர் வேலையை ஆரம்பிச்சுது. நெஞ்சுலேருந்து தொண்ட வரைக்கும் நெருப்பு.

"மேரி, இப்ப நெசமா எரியுது. சத்தியமா! சோடா உப்பு டப்பா எங்க?"

"முப்பது பேருக்கு ஆப்பம் சுடணும்னு காலையிலயே அண்ணன் வந்து எடுத்துட்டுப் போயிட்டாரு."

"பெட்டிக்கடையில..."

"ஞாயித்துக்கெழம எவன் தெறந்திருக்கான்?"

ரிக்‌ஷாவுல சூசைநாதன்தான் மொதல்ல ஏறுனாரு. "சீக்கிரம் போப்பா, சீக்கிரம்"னு வழியெல்லாம் அவசரப்படுத்துனாரு. மாமனார் வீட்டுக்கு இவ்வளவு ஆசையா ஒரு மாப்பிள்ளை போயி அந்த ரிக்‌ஷாக்காரன் பாத்ததில்ல.

"உங்களை தனியாத்தான் விட்டுட்டு வரலாம்னு பாத்தேன்"னா மேரி, முந்தானையால அவரு நெத்தியைத் தொடச்சுக்கிட்டே. "உப்புக்குள்ள இருக்கற வரைக்கும்தான் சோடியம் சாது, பிரிச்சு எடுத்து தனியா தண்ணியில போட்டா வெடிச்சுடும்னு நீங்கதான சொன்னீங்க?"

அதையும் சொல்லித் தொலைச்சிருந்தாரு.

உழவர்கரையில எறங்குனதும் வயித்தைப் புடிச்சுக்கிட்டு உள்ள ஓடுனாரு. கூடத்துல மாமனாரு. பக்கத்துல காலி நாற்காலி ஒண்ணு. மடியில சோடா உப்பு டப்பா, மூடி மேல ரெண்டு கை.

"வாங்க மாப்ள, நீங்க இதைத் தேடி வருவீங்கன்னு காலையில டப்பாவைக் குடுக்கும்போதே மேரி சொல்லி அனுப்புச்சு. உக்காருங்க, தரேன். சைகோன்ல எனக்கும் இப்படித்தான் ஒரு நாளு வயிறு எரிஞ்சுது. அதுக்கு மொதல்ல நான் கப்பலேறுன கதையைச் சொல்லணும்..."