வசனம் இல்லாத குற்றவாளி

அபுதாபிப் பக்கத்து ருவைஸ் தமிழ் மன்றம் போடும், மாஸ்கோ கோர்ட்டில் நடக்கும் நாடகத்துக்குப் பன்னிரண்டு ஜூரிகளும் கிடைத்துவிட்டார்கள். அத்தனை பேரும் இன்ஜினியர்கள். குற்றவாளிக் கூண்டில் நிற்கத்தான் ஒருத்தருக்கும் மனசில்லை.

டைரக்டர் சேதுமாதவன் லேபர் கேம்ப் சூப்பர்வைசருக்குப் போன் போட்டார். "கார்மேகம்னு ஒரு ஆள அனுப்புறேன் சார்" என்றார் அவர்.

நாடகத்தில், பிழைக்க வந்த வெளியூர்க்காரன் என்பதற்காகவே ஒருவனைக் கொலைகாரன் என்கிறார்கள் பதினோரு ஜூரிகள். ஒரே ஒருவர் மட்டும் நியாயத்துக்காக மல்லுக்கட்டுகிறார். அந்த வேஷத்தைச் சேதுமாதவன் வேறு யாருக்கு விட்டுக்கொடுப்பார்? மகள் வீட்டுக்கு வந்திருக்கும் ரிட்டையர்டு நீதிபதி ஆறு மணிக்குச் சிறப்பு விருந்தினராக வருகிறார். அவர் நாலு வார்த்தை பாராட்டினால் மன்றத் தலைவர் பதவி கையில்.

ஐந்து மணிக்கு ஒரு ஆள் படியேறி வந்தார். கருத்த முகம், நரைத்த தலை, ரப்பர் செருப்பு.

"இந்த மூஞ்சிக்கு மேக்கப்பே வேணாம்!" என்று சேதுமாதவன் குதூகலித்தார். "கூண்டுல ஏறுப்பா."

"தம்பி, நான் வந்து..."

"உனக்கு டயலாக் இல்ல. பேசாம நில்லு."

ஒத்திகை சூடு பிடித்தபோது சேதுமாதவனின் மனைவி சுசீலா அலறினாள். "ஐயோ, என் வளையலக் காணோம்!"

மாஸ்கோ குளிருக்காக ஜூரிகள் மாட்டியிருந்த பன்னிரண்டு கம்பளித் தொப்பிகளும் கூண்டின் பக்கம் திரும்பின.

"பாக்கெட்டக் காட்டு" என்றார் சேதுமாதவன். ஒரு கைக்குட்டையும் மூக்குக்கண்ணாடியும்தான் இருந்தன.

"எங்கயோ ஒளிச்சிட்டான். கேம்ப் ஆளுங்க புத்தி தெரியாதா?"

"தம்பி, ஒரு வார்த்தை..."

"அதான் டயலாக் இல்லங்கிறேன்ல!"

நாகரிகமானவர்கள் இல்லையா, ஓட்டெடுப்பு நடத்தினார்கள். அரை நிமிஷத்தில் பன்னிரண்டு கைகள் உயர்ந்தன. முதல் கை சேதுமாதவனுடையது. அதே கையால் சூப்பர்வைசரை அழைத்தார். "உங்க கார்மேகம் திருடிட்டான். விசாவ கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்புங்க."

"கலாஸ் சார், முடிஞ்சுதுன்னு வச்சுக்குங்க, இப்பவே பண்ணிடுறேன்." ஒரு கேள்வி கிடையாது.

பேசி முடித்து வியர்வையைத் துடைக்கச் சேதுமாதவன் தொப்பியைக் கழற்றினார். உள்ளே தையல் விட்டு, வளையல் டங்கென்று தரையில் விழுந்தது. தொப்பிக்கு லைனிங் தைத்தபோது சுசீலா கழற்றி வைத்தது, துணியோடு உள்ளே போயிருந்தது.

"சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடுங்க. பாவம்ங்க" என்றாள் சுசீலா.

"நாடகம் முடியட்டும்டி. ஜட்ஜ் வர்ற நேரம்." கூண்டின் பக்கம் திரும்பினார். "மனசுல வச்சுக்காதப்பா. மூஞ்சிய இப்படியே சோகமா வச்சிக்க, பிரமாதமா இருக்கு."

நீதிபதியை வரவேற்க வாசலில் பூங்கொத்தோடு நின்ற சுரேஷ்குமார் போனில் வந்தான். "பெரிய கார் எதுவும் வரல சார்."

"கண்ண நல்லா தொறந்து பாரு!"

அப்போது வாட்ச்மேன் முகம்மது சித்தீக் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"சார், கார்மேகம் இப்பத்தான் கேம்ப் பஸ்ல வந்து எறங்குனாரு, விசா போச்சுன்னு கீழ நின்னு அழுவுறாரு. அஞ்சு மணிக்கே மேல வந்த ஜட்ஜ் ஐயாகிட்ட நியாயம் கேக்கணுமாம், அனுப்பட்டா?"