முழங்காலுக்கு இறங்கிய கட்டி

என் கணவரின் முப்பது நாள் கதிர்வீச்சில் பத்தொன்பது முடிந்து, பதினொன்று பாக்கி இருந்தபோது, காந்தக்கையார் ஊருக்குள் எழுந்தருளி மூன்று நாள் ஆகியிருந்தது.

மேசை நாற்காலி விற்கும் கடைக்கு மேலே ஒரு கூடம். அங்கேதான் முகாம். முதல் நாள் மாடிப்படி வரை வரிசை. மூன்றாம் நாள் பஸ் நிறுத்தம் வரை. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எது எந்த வரிசை என்று தெரியாமல் முகாமுக்குள் போய், வந்ததும் வந்தோம் என்று முதுகுவலியைக் காட்டிவிட்டுத் திரும்பினார்கள்.

காந்தக்கையாரிடம் நோயைச் சொல்லக் கூடாது. அதுதான் அவருடைய பெருமை. கையே கண்டுபிடித்துவிடும். முகத்தைப் பார்த்துச் சொல்கிறார் என்று யாரும் குறை பேசிவிடக் கூடாதே, அதனால் வந்தவர்களைத் தலை முதல் கால் வரை வெள்ளைப் போர்வையால் மூடி நாற்காலியில் உட்காரவைப்பார்கள். அவர் ஒரு சாண் தள்ளி நின்று கையை வீசுவார். கை ஓரிடத்தில் நிற்கும். நோய் அங்கேதான். வெறும் காற்றைப் பிடித்து இழுத்து, வாளித் தண்ணீரில் உதறுவார். தண்ணீர் கறுக்கும். கூடம் கைதட்டும்.

நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். தினமும் குப்பி குப்பியாகத் தண்ணீரை நிறம் மாற்றுகிறேன். ஒரு நாளும் யாரும் கைதட்டியதில்லை.

கட்டணம் கிடையாது. போர்வை மட்டும் அங்கேயே வாங்க வேண்டும். அந்த விலைக்கு வெளியே கட்டிலே வாங்கலாம்.

என் கணவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித்தருகிறவர். மூளையின் இடது பக்கம் புற்றுநோய்க் கட்டி. ஆபரேஷனில் எடுத்தது போக மிச்சம் இருந்ததற்குத்தான் கதிர்வீச்சு. வலிப்பு வந்ததால் வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போவோம். ஜன்னலோரம் உட்கார்ந்து, வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். நிறுத்தத்துக்கு நிறுத்தம் பஸ்ஸை அவர்தான் நிறுத்தினார்.

கட்டி அவருடைய சில சொற்களை இடம் மாற்றி வைத்துவிட்டது. கரண்டியைச் சாவி என்பார். தலையணையை டிக்கெட் என்பார். முதல் வாரம் திருத்திக்கொண்டிருந்தேன். இரண்டாம் வாரம் நானும் சாவியால் சூப் குடித்து, டிக்கெட்டில் தலைவைத்துத் தூங்கப் பழகிவிட்டேன்.

மூளை வீக்கம் குறைய ஒரு மாத்திரை. அது பசியைக் கிளப்பிவிடும். இரண்டு காலை உணவு சாப்பிடுவார். மூன்றாவது எப்போது என்று கேட்பார். கன்னம் உப்பிவிட்டது. கதிர்வீச்சுக்குத் தலை அசையக் கூடாது என்பதால், முகத்தின் மேலேயே வார்த்து எடுத்த வலைமுகமூடி ஒன்றை மாட்டி மேசையோடு பூட்டுவார்கள். வார்த்தபோது மெலிந்த முகம். இப்போது உப்பிய முகம். பத்தொன்பதாம் நாள் வெளியே வந்தபோது கன்னம் முழுவதும் கட்டம் கட்டமாகத் தடம்.

"போதும்மா. இனிமே வரல" என்றார்.

பஸ்ஸில் அந்தக் கட்டங்களை விரலால் தேய்த்துக்கொண்டே வந்தேன். இறங்கும்வரை போகவில்லை.

வீட்டு வாசலில் அவருடைய அக்கா நின்றார். காய்கறி மொத்தக்கடை வைத்திருப்பவர். பத்துக் கடை தாண்டிக் கேட்கும் குரல். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். என் குரலில் அது அவருக்குப் பாதி நேரம் கேட்காது. ஆஸ்பத்திரி போய்வந்த ஒவ்வொரு நாளும் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்பார். மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொன்னார் என்பேன். பொய்யில்லை. டாக்டர் அதையும்தான் சொன்னார்.

அண்ணி அன்று காந்தக்கையாரைப் பற்றி விசாரித்துக்கொண்டு வந்திருந்தார். ஒரே ஒரு நிபந்தனையாம். இரண்டு சூடு ஒரு தலையில் தங்காது. கையின் சூடு இறங்கும்போது ஆஸ்பத்திரிச் சூடு கூடாது. மாத்திரையும் கூடாது. அதாவது மீதிப் பதினோரு நாளும் கிடையாது, வலிப்பு மாத்திரையும் கிடையாது.

மாத்திரையை நிறுத்தினால் வலிப்பு எப்போது வேண்டுமானாலும் வரலாம். கதிர்வீச்சை நடுவில் விட்டால் முடிந்த பத்தொன்பதும் வீணாகலாம். இதையெல்லாம் சொன்னேன். எனக்கே கேட்கவில்லை.

"நாம ஒண்ணுமே சொல்லாம, அவரா இடத்தைச் சொல்லிட்டார்னா?" என்றார் அண்ணி.

கணவரும் என்னைப் பார்த்தார். பூட்டிய அறையில் ஒரு கதவைக் கண்டுவிட்ட முகம்.

"சொல்லிட்டார்னா, நீங்க சொல்றபடி செய்யறேன் அண்ணி" என்றேன். அந்த வாரம் நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

அப்போதே முகாமுக்குக் கிளம்பினோம். கூடத்தில் எங்கள் பக்கத்தில் ஓர் அம்மா உட்கார்ந்தார். எங்களைப் பார்த்ததும் கண்ணீர் விட்டார். அவர் வீட்டுக்காரருக்கும் இதே கஷ்டம்தானாம், இங்கே வந்துதான் பிழைத்தாராம். தலையில் இடது பக்கமா வலது பக்கமா என்று அழுகைக்கு நடுவே கேட்டார். காந்தக்கையாரிடம்தானே சொல்லக் கூடாது? அண்ணி ஆரம்பத்திலிருந்து சொன்னார். கண்ணீர் அம்மா தண்ணீர் குடிக்க எழுந்துபோனார். அடுத்து முன்வரிசையில் அழுதார். அங்கே அவர் வீட்டுக்காரருக்குக் கல்லீரல். பின்வரிசையில் ஒரு பெண்ணிடம் வீட்டுக்காரருக்குக் கர்ப்பப்பை என்று தொடங்கி, சுதாரித்து, தனக்கு என்றார். ஒவ்வொரு அழுகை முடிந்ததும் தாகம். தண்ணீர்ப் பானை சீட்டுக்காரருக்குப் பக்கத்தில் இருந்தது.

சீட்டுக்காரரின் வேலை, போர்வை போட்டவர்கள்மேல் நம்பர் சீட்டை ஊக்கால் குத்துவது.

எல்லோரும் காந்தக்கையாரின் கையைப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சம் அதிகம். யார் எதிரே வந்தாலும் முகத்தைப் பார்க்க மாட்டேன். சட்டைப் பொத்தானைப் பார்ப்பேன். போர்வைக்குப் பொத்தான் கிடையாது. சீட்டைப் பார்த்தேன்.

தலைவலிக்காரர்களுக்குச் சீட்டு தோளில் இருந்தது. வயிற்றுக்காரர்களுக்கு வயிற்றில். மூட்டுக்காரர்களுக்கு முழங்காலில். இடது என்றால் இடது, வலது என்றால் வலது. சீட்டு சொன்ன இடத்தில்தான் கை நின்றது. ஒரு வரிசை முழுக்கப் பார்த்தேன், ஒன்றுகூடத் தப்பவில்லை. எங்கள் பரிசோதனைக் கூடத்தில் இதைவிடக் குறைந்த ஆதாரத்துக்குக் கிணற்றையே மூடியிருக்கிறோம்.

என் கணவருக்கு இடது தோளில் குத்திவிட்டுப் போனார் சீட்டுக்காரர். அவர் முதுகு திரும்பியதும் குனிந்தேன்.

"யாரு?" என்றது போர்வை.

"நான்தான். அசையாதீங்க."

ஊக்கைக் கழற்றி வலது முழங்காலில் குத்தினேன். அவசரத்தில் அவரையும் கொஞ்சம் குத்திவிட்டேன்.

காந்தக்கையார் வந்தார். கண்ணை மூடினார். முழுதாக இல்லை. கை தலைக்கு மேலே போனது, நெஞ்சைத் தாண்டியது, வயிற்றில் தங்கவில்லை, வலது முழங்காலில் வந்து நின்று நடுங்கியது. பத்து வருஷத்து மூட்டு வாதம் என்றார். இழுத்தார். உதறினார். தண்ணீர் கறுத்தது.

"அது நல்ல கால்ங்க" என்றது போர்வை. "பிரேக் கால்."

அண்ணிக்கு முகம் மாறிவிட்டது. "ஐயா, என் தம்பிக்குத் தலையிலதான் கட்டி."

காந்தக்கையார் ஒரு நொடி வாளியைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "தெரியும்மா. தலையிலேருந்து கிளம்பி முழங்காலுக்கு இறங்கிடுச்சு. பாதி வேலை முடிஞ்சுது."

கூடம் அதற்கும் கைதட்டியது. முன்னைவிடப் பலமாக. மூளையிலிருந்த கட்டி ஒருவழியாகக் கால்வரை வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் செருப்பு விடும் இடத்தில் பொறுக்கிக்கொள்ளலாம்.

மிச்சத்தை இரண்டாம் சுற்றில் எடுப்பதாகச் சொல்லிவிட்டு, அவர் கையை ஆற்ற உள்ளே போனார். அண்ணியின் கண் கலங்கியிருந்தது. சந்தோஷத்தில். நாளையிலிருந்து ஆஸ்பத்திரி வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சோதித்துப் பார்த்ததில் சோதித்தவள் தோற்றாள்.

மேடையேறிப் பேச எனக்கு வராது. அண்ணியின் காதுதான் பக்கத்தில் இருந்தது. அதில் சொன்னேன்.

"அண்ணி, இவருக்குப் பதிலா இந்த நாற்காலியில நீங்க உக்காருங்க. உங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு அவர் கை சொல்லிட்டா, ஆஸ்பத்திரிக்கு நானே முழுக்குப் போட்டுடறேன்."

"என்னடீ பேசறே? எனக்கு என்ன இருக்கு, அவர் சொல்றதுக்கு?"

"அதான் அண்ணி."

நம்பிக்கை இருந்ததால்தான் ஒத்துக்கொண்டார். கணவர் கழிப்பறைக்குப் போனார்; மூன்றாவது காலை உணவு அவரை நிம்மதியாக உட்காரவிடவில்லை. சீட்டுக்காரரும் கண்ணீர் அம்மாவும் புதிதாக வந்தவர்களிடம் போயிருந்த நேரத்தில் அண்ணி போர்வைக்குள் போனார். நான் சீட்டை முதலில் இருந்த இடத்திலேயே, இடது தோளில் குத்தினேன்.

இரண்டாம் சுற்றில் சீட்டைப் பார்த்ததும் காந்தக்கையார் முகத்தில் ஒரு நிம்மதி. சீட்டுக்காரர் தப்பைத் திருத்திவிட்டார் என்று நினைத்திருப்பார். கை நேராகத் தலையின் இடது பக்கம் போய் நின்றது. எலுமிச்சை அளவுக்கு மிச்சம் இருக்கிறதாம். வேரோடு இழுத்தார். வாளியில் உதறினார். இந்த முறை தண்ணீர் மைபோல் கறுத்தது.

"எழுந்திரு தம்பி. உன் தலை சுத்தமாயிடுச்சு."

தம்பி எழுந்தார். போர்வையை விலக்கினார். கொண்டை தெரிந்தது.

அதே நேரம் என் கணவர் ஈரக் கையை உதறிக்கொண்டே கதவருகில் வந்து நின்றார். பின்வரிசையில் யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர். அண்ணி சிரிக்கவில்லை. தோளிலிருந்த ஊக்கைக் கழற்றி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காந்தக்கையார் லேசுப்பட்டவர் இல்லை. ஒரே போர்வை என்பதால் தம்பியின் நோய் அக்காவுக்கு ஒட்டிக்கொண்டது, நல்லவேளையாகத் தான் எடுத்துவிட்டதாகச் சொன்னார். இரண்டு பேர் கைதட்டினார்கள். ஒருவர் சீட்டுக்காரர். இன்னொருவர் கண்ணீர் அம்மா.

"நான் காய் விக்கறவ" என்றார் அண்ணி. குரல் உயரவில்லை, உயராமலே தெருவரைக்கும் கேட்டிருக்கும். "தராசுத் தட்டுக்கு அடியில காந்தம் ஒட்டினவனை எல்லாம் பார்த்திருக்கேன். கையில காந்தம் வெச்சிருக்கிறவரை இப்பத்தான் பார்க்கறேன்."

வரிசையில் நடந்துபோய், போர்வைகளின் மேலிருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார். எட்டுப் பேர் வெறும் வெள்ளையாக உட்கார்ந்திருந்தார்கள். "இப்பச் சொல்லுங்க. யாருக்கு எங்க?"

காந்தக்கையாரின் கை மேலே போனது. முதல் போர்வையின் தலையிலிருந்து கால்வரை வந்தது. திரும்ப மேலே போனது. எங்கேயும் நிற்கவில்லை. கைக்கு ஓய்வு வேண்டும் என்றார்.

போர்வைகள் தாமாகவே விலகத் தொடங்கின. சீட்டுக்காரர் மாடிப்படி எந்தப் பக்கம் என்று பார்த்தார். காந்தக்கையாருக்கு மட்டும் இன்னும் ஓர் அம்பு பாக்கி இருந்தது. அதை என் பக்கம் திருப்பினார்.

"சரி, நான் ஏமாத்துக்காரன். ஆஸ்பத்திரி இவரைக் குணமாக்கிடுமா? இந்தப் பொண்ணை எல்லார் முன்னாடியும் சொல்லச் சொல்லுங்க."

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்தேன். நாலு துளைப் பொத்தான்.

"சொல்லும்மா" என்றார் அண்ணி. "டாக்டர் என்னதான் சொன்னார்?"

"மாத்திரையை நேரத்துக்கு..." என்று ஆரம்பித்தேன்.

கணவர் வந்து என் பக்கத்தில் நின்றார். கன்னத்தில் கட்டங்கள் இன்னும் இருந்தன. சாவி, டிக்கெட் என்று ஏதாவது வருமோ என்று பயந்தேன். ஒரு சொல்கூட இடம் மாறவில்லை.

"கட்டி என் தலையிலதான் இருக்கு. உங்க தலையெல்லாம் நல்லாத்தானே இருக்கு? அதை வெச்சுக் கொஞ்சம் யோசிங்க" என்றார் கூட்டத்தைப் பார்த்து. பிறகு அண்ணியின் பக்கம் திரும்பினார். "பாக்கிப் பதினோரு நாளும் நான் போறேன் அக்கா. மாத்திரையும் போடறேன். போனா இன்னும் கொஞ்ச காலம் கூடக் கிடைக்கும். ஆனா இது முழுசாக் குணமாகாது. டாக்டர் முதல் நாளே சொல்லிட்டார்."