நாலு வாரம் ஒரு மாசம்

"முப்பத்தாறு வாரம் ஆச்சுங்க" என்று நர்ஸ் சொன்னதுதான் தாமதம், கோகுல்ராஜுக்கு வேர்த்துவிட்டது.

விருத்தாசலம் பீங்கான் கம்பெனியில் கால்குலேட்டரைத் தொடாமலே கணக்குப் போடுகிறவன் என்று பெயர் எடுத்தவன் அவன். முப்பத்தாறை நாலால் வகுத்தான். ஒன்பது.

"அனு! ஒம்போது மாசம் முடிஞ்சிடுச்சு. இன்னைக்கோ நாளைக்கோ!"

அவன் மனைவி அனுசியா அதே கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள். அவள் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை.

"நாப்பது வாரம்னு சொல்லியிருக்காங்க. இன்னும் நாளு இருக்குதுங்க."

அவன் எங்கே கேட்டான்? ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து மாமியார் பெரியநாயகியை வரவழைத்தான். கூட வேலை செய்யும் கலியமூர்த்தியின் காரைக் கெஞ்சி வாங்கி வாசலில் நிறுத்தினான். லீவு போட்டான். அனுசியா தும்மினால் கார் சாவியைத் தேடினான். பத்து நாள் இப்படிப் போனது. ஒருநாள் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்ததும், அலறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டான்.

"வலியே இல்லையே, எதுக்கும்மா வந்தீங்க?" என்றாள் நர்ஸ்.

"கீழ உக்காந்து வெங்காயம் உரிச்சேன். எழுந்திரிச்சேன். இட்டாந்துட்டாரு."

நர்ஸ் அவன் பக்கம் திரும்பினாள். "சார், மாசத்துக்குச் சரியா நாலு வாரமா? மேல ரெண்டு மூணு நாளு இருக்குதில்ல? அத வுட்டுட்டீங்களே!"

கணக்கில் தன்னை ஒருத்தி திருத்திவிட்டாளே என்று அவனுக்கு ரோஷம் வந்தது. வீட்டுக்கு வந்து, மாதாமாதம் விட்டுப்போன நாட்களை எல்லாம் சேர்த்தான். மூன்று வாரம் தேறியது. அதை நாற்பதோடு கூட்டினான்.

"அனு, பயப்படாத. இன்னும் ஒன்றரை மாசம் இருக்குது!"

அனுசியா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்படிங்களா?" என்றாள்.

மறுநாள் காலையில் கலியமூர்த்தியை வரச்சொல்லி, அவன் காரிலேயே மாமியாரை ஊருக்கு ஏற்றிவிட்டான்.

"நெசமாத்தானா மாப்ள? கொல்லையில களையெடுப்பு கெடக்குதேன்னுதான் போறேன்."

"நம்ம கணக்கு தப்பாது அத்தே. போயிட்டு வாங்க."

கார் தெருமுனை திரும்பியது. அவன் வேலைக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான்.

"என்னங்க, வலி வந்துடுச்சு."

கோகுல்ராஜ் பொத்தானைப் பாதியில் விட்டான். "ஐயோ, காரு!" என்று ஒரு கால் செருப்போடு தெருவுக்கு ஓடினான். அனுசியாவோ கேஸை அணைத்தாள், பையை எடுத்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள். ஆயிரம் பொம்மைக்குக் கண் எழுதிய நிதானம்!

வாசலில் ஒரு ஆட்டோ நின்றிருந்தது. கோகுல்ராஜ் டிரைவரைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"சாமி மாதிரி வந்து நிக்கிறியேப்பா!"

டிரைவர் பக்கிரி, அனுசியாவைப் பதமாக ஏற்றி உட்கார வைத்துவிட்டுச் சொன்னான்:

"நானா எங்கண்ணே வந்தேன்? நேத்தே அக்கா போன் பண்ணிட்டாங்க. 'எங்க வூட்டுக்காரரு இன்னும் ஒன்றரை மாசம் இருக்குதுன்னு சொல்லிட்டாரு, காலையிலேயே வந்து நின்னுடுப்பா'ன்னாங்க."