வயர் நுனி வைபவம்

மனித குலத்தின் முன் இன்று நிற்கும் கேள்விகளில் ஆகப் பெரியது, ஸ்பீக்கர் வயரின் நுனியில் எதை மாட்டுவது என்பதுதான். அதற்கு நான் ஐந்தே மாதங்களில் விடை கண்டேன் என்பதைத் தன்னடக்கத்துடன் பதிவு செய்கிறேன்.

காரியம் என் மாமனாருக்காகத் தொடங்கியது. முப்பது வருடம் மின்கம்பம் ஏறி வயர் இழுத்தவர். இப்போது எங்களோடு இருக்கிறார். இடது காது போய்விட்டது, வலது காது இன்னும் நாலு மாதம் தாங்கினால் அதிகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அதுக்குள்ள பழைய பாட்டெல்லாம் ஒரு தடவை நல்லாக் கேட்டுடணும், மாப்பிள்ளை" என்றார்.

மறுநாளே ஒரு ஆம்ப்ளிபயரும் இடுப்பளவு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கரும் வாங்கி வந்தேன்.

"வயரை மாட்டுங்க, அப்பா கேக்கட்டும்" என்றாள் மனைவி.

பாமரப் பேச்சு! மன்னித்தேன். "எதை வச்சு மாட்டறது? மூணு வழி இருக்கு. நடுவுல புடைச்ச வாழைப்பழ பிளக், தட்டையான மண்வெட்டி முனை, இல்லேன்னா நுனியை உரிச்ச வெறுங்கம்பி."

"வாழைப்பழமா? எனக்கு ஒண்ணு உரிச்சுக் குடும்மா" என்றார் மாமனார், வலது காதைத் திருப்பி.

"பழம் இல்லப்பா, வயர்!"

"வயரா? அதையும் உரிக்கத்தானே வேணும்? இங்க குடுங்க, பல்லாலயே உரிச்சுடறேன்."

நான் வயரை மார்போடு அணைத்துக்கொண்டேன். வெறுங்கம்பி! காற்றுப் பட்டால் செம்பு கறுத்துவிடும். கறுத்த செம்பில் வரும் பாட்டை மாமனார் கேட்பதா? என் உயிர் உள்ளவரை நடக்காது.

அன்றே 'இணைப்பு முனைத் தேர்வுக் குழு' உதயமானது. தலைவர் நான். நிபுணர், என் ஆபீஸில் பக்கத்து மேசைக்காரர். அவருக்கு 'தங்கக்காது' என்று பெயர். வைத்துக்கொண்டவரும் அவரே. ஞாயிறுதோறும் அவர் வீட்டில், அவருடைய ஸ்பீக்கரில் பரிசோதனை நடந்தது. அவர் கண்ணை மூடிக்கொள்வார்; நான் பிளக்கை மாற்றுவேன்.

"பித்தளை. பாடகிக்கு ஜலதோஷம்" என்பார்.

"இப்ப? தங்க முலாம்" என்பேன்.

"ஜலதோஷம் போயிடுச்சு. ஆனா கொஞ்சம் கர்வம் வந்திருக்கு."

ஒருநாள் பிளக்கை மாற்றவே மறந்துவிட்டேன். அவர் கால் மணி நேரம் வித்தியாசத்தை வர்ணித்தார். மாற்றாமலே மாற்றத்தைக் கேட்ட காது அது! நடவடிக்கைக் குறிப்பில் பாராட்டுத் தீர்மானம் எழுதினேன்.

மண்வெட்டி முனை எங்கள் ஆம்ப்ளிபயரின் திருகில் நுழையவில்லை. ஆறு வாரம் விவாதித்து 'நுழையவில்லை' என்று ஏகமனதாக முடிவெடுத்தோம். இறுதியில் தங்க முலாம் வாழைப்பழம் வென்றது.

திறப்பு விழா ஞாயிறு காலை. தங்கக்காது புதுச் சட்டையில் வந்தார். மாமனாரை நடு நாற்காலியில் உட்கார வைத்துப் பொத்தானை அழுத்தினேன். ஆஹா! ஜலதோஷமில்லை, கர்வமில்லை. தங்கக்காது கண் கலங்கினார்.

மாமனார் என் முகத்தைப் பார்த்தார். மெல்ல எழுந்து போய் ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"நல்லா அதிருது, மாப்பிள்ளை!" என்று கத்தினார்.

நான் மனைவியைப் பார்த்தேன்.

"அப்பாவுக்குப் போன மாசமே சுத்தமாக் கேக்காமப் போயிடுச்சுங்க" என்றாள். "மூணு தடவை சொன்னேன். 'குறிப்புல சேத்துக்கறேன்'னீங்க."

உண்மைதான். 'இதர விஷயங்கள்' என்ற தலைப்பில் சேர்த்திருந்தேன். "அப்போ… ஒரு பாட்டுகூடக் கேக்காமலேயா?"

அவள் சிரித்தாள். அலமாரிக்குப் பின்னால் கைவிட்டு, ஓடாத மேசை விசிறியிலிருந்து அறுத்த வயர் இரண்டு துண்டை வெளியே இழுத்தாள். நாலு நுனியும் உரித்து முறுக்கியிருந்தன. பல் தடம் தெரிந்தது.

"நீங்க வாங்கிட்டு வந்த மறுநாளே மாட்டிட்டார். ஒன்பது மணிக்கு நீங்க கிளம்புவீங்க, ஒன்பது பத்துக்குக் கச்சேரி. நாலு மாசம்! ஒரு பாட்டு பாக்கியில்ல. எதிர்வீட்டுக்காரங்ககூட நாற்காலி எடுத்துட்டு வந்துடுவாங்க. நானும் அப்பாவும் ஆடினோம். நீங்க வர்றதுக்குள்ள கழட்டி ஒளிச்சு வச்சிடுவோம்."

தங்கக்காது அந்த வயரை, செத்த எலியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

எனக்கு ஆத்திரமா நிம்மதியா என்று தெரியவில்லை. ஒரு தாளை எடுத்து, 'என்னிடம் ஏன் சொல்லவில்லை?' என்று பெரிய எழுத்தில் எழுதி மாமனாரிடம் நீட்டினேன்.

கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படித்தார். பிறகு, தன் குரல் தனக்கே கேட்காதவர் ஆதலால், தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்:

"சொல்லியிருந்தா பாட்டை நிறுத்திட்டு வயரைப் பத்திப் பேச ஆரம்பிச்சிருப்பீங்களே, மாப்பிள்ளை!"