இடது காதில் குலுக்கிய ஏலக்காய்

பார்த்தே தேர்ந்தவர்கள் என்று ஓர் இனம் உண்டு. கொத்தனார் கரண்டி பிடிப்பதைக் கால் மணி நேரம் பார்த்தால் இவர்களுக்கு வீடு கட்ட வந்துவிடும். ஜீப்பின் முன்சீட்டில் இரண்டு தடவை மலைப்பாதையில் குரங்கணி போய்வந்தால், மூன்றாவது தடவை டிரைவருக்கே வளைவு சொல்லிக்கொடுப்பார்கள். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். எழுபத்தெட்டாம் வருடம் போடிக்கு வாய்த்தவர் பால்பாண்டி.

அவர் மனைவி சந்திரவல்லிக்குச் சீதனமாக வந்த மலைத்தோட்டத்தில் அந்த வருடம்தான் முதல் காய். மூன்று வருடம் அவள் முதுகொடியக் களை பறித்து வளர்த்த ஏலம். பச்சை மாறாமல் காய்ந்தால்தான் வியாபாரி கையால் தொடுவான். காயை உலர்த்தத் தோட்டத்திலேயே அடுப்பு வைத்த ஸ்டோர் இருந்தது. கைப்பக்குவம்தான் பக்கத்துத் தோட்டத்து ராக்கையாவிடம் இருந்தது.

"ஏங்க, ராக்கையா அண்ணன ஒரு எட்டு கூப்பிடுவோமே."

"எதுக்கு? மூணு நாளா அவரு பக்கத்துலயே நின்னு பாத்துட்டேன். சோலி அம்புட்டுத்தான்!"

பார்த்தது உண்மை. விறகு தள்ளுமுன் ராக்கையா செருமினார், இவரும் செருமினார். ராக்கையா ஒரு பிடிக் காயை அள்ளி, காய்ந்துவிட்டதா என்று இடது காதருகே குலுக்கிக் கேட்டார். இவரும் இடது காதருகேதான் குலுக்கினார். ராக்கையாவுக்கு வலது காது கேட்காது என்பது வேறு விஷயம். காயின் ஈர ஆவி வெளியேற ராக்கையா சன்னலைத் திறந்துவைத்த நேரமெல்லாம், நம்மவர் டீக்கடையில் தான் தொழில் கற்றுக்கொண்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தங்கள் ஸ்டோரில் அவரே அடுப்பு மூட்டி, மறுநாள் கதவைத் திறந்தால் காய் முழுக்கப் புழுங்கிப் பழுப்பேறிக் கிடந்தது. சந்திரவல்லி ஒரு பிடி அள்ளினாள். குலுக்கவில்லை. மூன்று வருட உழைப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"சன்னலு ஒண்ணுதான் விட்டுப்போச்சு," என்றார் பால்பாண்டி, கொஞ்சமும் குரல் இறங்காமல். "இப்பத் தெரிஞ்சுபோச்சுல்ல? அடுத்த தடவ பாரு."

"ஒங்களப் பாத்துப் பாத்து நானும் ஒண்ணு கத்துக்கிட்டேன்," என்றாள் சந்திரவல்லி. அடுத்த தடவை காய் பறித்ததும் ஸ்டோர்ச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, நேரே போய் ராக்கையாவைக் கூட்டிவந்தாள். பால்பாண்டி வெளியே நின்று ஜீப் டிரைவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். 'அட, சன்னலைத் திறந்துவிட்டால் ஏலக்காய் காய்ந்துவிடும், இவ்வளவுதானா!' என்று சற்றுமுன் உங்களுக்குத் தோன்றியதா இல்லையா? எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று நான் சொல்லவே இல்லையே.